தோள் ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவின் தட்டைக் கவனியுங்கள்

தோளில் கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைக்கத் தேதி குறித்தாகிவிட்டதா? தையல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஒட்டவேண்டியது உடம்பு, அதற்குப் புரதம் வேண்டும். எழுபது வயதில் இரண்டு இட்லியும் ரசம் சாதமும் போதவே போதாது. 60 கிலோ எடை என்றால் நாளுக்குச் சுமார் 70 கிராம் புரதம் தேவை, ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் மூன்று வேளையும் முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனையில் அல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்), வைட்டமின் டி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அல்புமின் 3.5 g/dL-க்குக் கீழே என்றால், ஆபரேஷனைச் சில வாரம் தள்ளலாமா என்று கேளுங்கள்.

வலது தோள் என்றால், இன்றிலிருந்தே இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழக்குங்கள். கை தூளியில் தொங்கும் வாரங்களில் பிசைந்து சாப்பிட முடியாமல் பலர் பாதியில் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.