ஆண்டவர் பேசினார் என்று சொல்வதற்கு முன்

"சிஸ்டர், ஆண்டவர் என்னிடம் பேசினார்" என்று தியானத்துக்கு வருபவர்கள் சொல்லும்போது, "இரவு நன்றாகத் தூங்கினீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இந்தக் கேள்வி இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரிடம் கற்றது.

1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் அவர் படுக்கப் போகும் நேரம் பார்த்துப் பெரிய ஞான வெளிச்சங்கள் வந்தன. தூக்கமே குறைவு, அதையும் அவை பறித்தன. கடவுளுக்கென்று பகலில் இவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறோமே என்று யோசித்தவர், அவற்றை ஒதுக்கிவிட்டுத் தூங்கினார். பின்னர் பார்சிலோனாவில் இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பக்தி பொங்கியது. செபத்திலும் திருப்பலியிலும் அவ்வளவு பொங்கவில்லை. இது சோதனை என்று கண்டுகொண்டு, வகுப்பைத் தவறவிட மாட்டேன் என்று ஆசிரியரிடமே வாக்குக் கொடுத்தார்.

ஆகவே அனுபவம் எவ்வளவு இனித்தது என்று அளக்காதீர்கள். எந்த நேரத்தில் வந்தது, எந்தக் கடமையைக் கெடுத்தது என்று பாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்தது வந்தபடி ஒரு பக்கம். பிறகு நீங்கள் யோசித்தது எதிர்ப்பக்கம். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். காலையில் நற்கருணை முன் ஓர் அமைதி கிடைத்திருக்கும். மகனைக் கடன் வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் பதினொரு மணிக்குத் தேநீர் குடிக்கும்போது வந்திருக்கும். மாலையில் என்னிடம் சொல்லும்போது இரண்டும் ஆண்டவர் சொன்னதாகிவிடும். காரணமின்றி வந்த ஆறுதல் கடவுளுடையதே என்றாலும், அதன் சூட்டில் நாம் போடும் திட்டங்களைத் தனியே சோதிக்க வேண்டும் என்று அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் விதி ஒன்று சொல்கிறது.

மறுநாளும் எழுதுங்கள். 1521-இல் பம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு கால்களைத் தாக்க, சொந்த ஊரான லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார், ஒரு சீமாட்டியைப் பற்றிய கனவுகள் இனித்தபின் மனத்தை வறட்சியில் விட்டதையும், புனிதர்களைப் போல வாழும் கனவுகள் முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியதையும் கவனித்தார். அவருடைய தெளிந்து தேர்தல், அதாவது எது கடவுளிடமிருந்து வருகிறது என்று பிரித்தறிவது, அங்கேதான் தொடங்கியது.

மனம் வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று உள்ளே ஏதாவது தடுத்தால், கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் முடிவால் ஆதாயம் பெறாத ஒருவரிடம். எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதலாம், தவறில்லை.

உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் கேட்டால், அல்லது பல இரவுகள் தூக்கமே இல்லையென்றால், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே உண்ணும் மாத்திரையைத் தியானத்துக்காக நிறுத்தாதீர்கள். அந்த நிலையில் வருபவரை நான் தியானத்தில் உட்கார வைப்பதில்லை. வீட்டாரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன்.