கிருமியை வயலில் வைத்துப் படியுங்கள்

நுண்ணுயிரியல் பெயர்கள் மண்டையில் ஏறவில்லையா? கொப்பியை மூடிவிட்டு ஊரை நினையுங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல், வரம்பில் எலி வளை, சேற்றில் வெறுங்காலோடு மாமா, குதிக்காலில் வெடிப்பு. எலியின் சிறுநீரோடு வரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி அந்த வெடிப்பால்தான் உள்ளே போகும். எலிக்காய்ச்சல்! உருவம்? நுனி வளைந்த மெல்லிய சுருள், கேள்விக்குறி மாதிரி. விதைப்புக் காலத்தில் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் அதே சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமியையும் வையுங்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரு முனையில் மட்டும் சாயம் பிடித்திருக்கும், நீரிழிவுக்காரரைத்தான் அதிகம் பிடிக்கும்.

மனம் சோர்ந்த நாளில் ஒரு கிருமி போதும். இரவு அம்மாவுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லிப் பாருங்கள். "அப்ப மாமாவுக்குச் சப்பாத்து வாங்கோணுமோ?" என்று அவர் கேட்டால், சரி, படுக்கப் போகலாம்.