மோட்டாரும் மாத்திரையும் மறக்காமலிருக்க

மாடித் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டு வடாம் முழுக்க நனைந்த அன்றுதான், மகன் வாங்கித் தந்த ஆப்பிள் வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தபாலாபீசில் 34 வருஷம் பின்கோடுகளை மனப்பாடமாகச் சொன்னவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற வீம்பு அதுவரை இருந்தது. உங்களுக்கும் அறுபது தாண்டியிருந்தால் நான் செய்த மாதிரியே செய்து பாருங்கள்.

முதலில் வாட்சைத் தொடாதீர்கள். ஒரு வாரம், என்னென்ன மறந்தீர்கள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். என் தாளில் 11 இருந்தன. மோட்டார் மூன்று, மாத்திரை போட்டேனா என்ற குழப்பம் நான்கு, போன் தேடியது இரண்டு, கேஸ் புத்தகத்தை எடுக்காமல் கிளம்பியது இரண்டு. ஆட்களின் பேர் ஒன்றுகூட இல்லை. நான் பயந்துகொண்டிருந்ததே அதற்குத்தான்!

மோட்டார் சுலபம். தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒருநாள் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 20 நிமிடம். சுவிட்சைத் தட்டிய கையோடு மணிக்கட்டைத் தூக்கி, வாட்சுக்குள் இருக்கும், பேச்சைக் கேட்டு வேலை செய்யும் உதவியாளரான சிரியிடம் ‘செட் எ ட்வென்ட்டி மினிட் டைமர்’ என்கிறேன். ஆங்கிலத்தில்தான் சொல்கிறேன். என் ஆங்கிலம் அதற்குப் போதும். ஹாலுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நகர்ந்தீர்களோ, போச்சு. நேரமானதும் மணிக்கட்டில் தட்டும். மிக்சி ஓடினாலும் தெரியும்.

மாத்திரைதான் கொஞ்சம் வில்லங்கம். ஐபோனின் ஹெல்த் செயலியில் மாத்திரைப் பேரையும் நேரத்தையும் ஒருமுறை போட்டுவிட்டால், வாட்ச் தினமும் கூப்பிடும். போட்டாச்சு என்று அமுக்கினால் மணியோடு பதிவாகிவிடும். சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாம். ஆனால் ஒருநாள் முதலில் அமுக்கிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். குக்கர் விசில் வந்தது, பால்காரர் வந்தார், மாத்திரை மேஜையிலேயே கிடந்தது. பதிவில் போட்டாச்சு என்று இருக்கிறது! விழுங்கிவிட்டுத்தான் அமுக்க வேண்டும்.

கேஸ் புத்தகத்துக்கு, வெளியே நினைவு வரும்போதே ‘வென் ஐ கெட் ஹோம்’ (வீட்டுக்கு வந்ததும்) என்று சேர்த்து சிரியிடம் நினைவூட்டச் சொல்லலாம். வீட்டு முகவரியை முன்பே போனில் பதிந்திருக்க வேண்டும். இடத்தை அது குத்துமதிப்பாகத்தான் பிடிக்கும். தெருமுனைக் கடைக்கு நம்பாதீர்கள். போன் காணோமா, வாட்சிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தத் தலையணைக்கடியில் இருந்தாலும் சத்தம் போடும்.

டாக்டர் சொல்வதை நினைவில் வைக்க, பேச்சைப் பதிந்து எழுத்தாக்கிச் சுருக்கித் தரும் பதக்கம் போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. என் தங்கை ஒன்றை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிந்தோம், நீங்களும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரவில் ‘ஆறு மாத்திரை’ என்று இருக்கிறது. அவர் சொன்னது அரை. “அக்கா, நல்லவேளை சீட்டைப் பார்த்தோம்” என்றாள். மருந்து, அளவு, தேதி மூன்றையும் சீட்டோடு ஒப்பிடாமல் சுருக்கத்தை நம்பக் கூடாது.

பதிந்ததைத் திரும்பப் பார்க்காவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சென்ஸ்கேம் என்று கழுத்தில் தொங்கும் கேமரா ஒன்றைச் செய்தார்கள், தானாகவே படம் எடுக்கும். மூளை அழற்சியால் நினைவு போன 63 வயதுப் பெண் ஒருவர், அந்தப் படங்களைக் கணவரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தபோது நடந்தவை மனதில் தங்கின. 2007-இல் அந்த ஆய்வு வெளியானது. நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அன்றைய நினைவூட்டல்களை வீட்டுக்காரருக்கு ஒரு தடவை படித்துக் காட்டுகிறேன்.

வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: கம்பெனி மூடினால் என் பதிவுகள் என்னாகும்? சட்டையில் குத்திக்கொண்டு பேசினால் பதில் சொல்லும் ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவி 2024-இல் வந்தது. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சேவை நின்றது. முக்கியமானதை நான் இன்னும் காலண்டரிலும் எழுதுகிறேன். ஏடிஎம் ரகசிய எண்ணை மட்டும் எதனிடமும் சொல்வதில்லை.

சார்ஜ் போடுவது குளிக்கப் போகும்போது. சாமி கும்பிட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் மோட்டார் சுவிட்ச் பக்கமே போகிறேன்.