வேட்டையா, மிச்சம் பொறுக்கலா? எலும்பைப் பார்த்துச் சொல்வது எப்படி

ஆதி மனிதன் விலங்கை வேட்டையாடித் தின்றானா, சிங்கம் தின்ற மிச்சத்தைப் பொறுக்கினானா என்பதற்குப் பழைய எலும்பிலுள்ள தடங்களே சாட்சி. அவற்றைப் படிக்கப் பழக, கறிக்கடையில் ஆட்டுத் தொடை எலும்பு இரண்டு வாங்குங்கள். ஒன்றில் சதையைக் கத்தியால் வழித்தெடுங்கள், இன்னொன்றைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, அது விட்டுப்போனதும் எடுத்து வாருங்கள் (நாய் தின்னும்போது பிடுங்க வேண்டாம்). இரண்டையும் கழுவி, இருட்டறையில் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து லென்ஸில் பாருங்கள்.

கத்தி பட்ட கீறல் ஒல்லியாக, அடி கூராக இருக்கும். கற்கருவி என்றால் கீறலுக்குள்ளேயே நுண்கோடுகளும் இணையாக ஓடும். பல்தடம் அகலம், அடி உருண்டை. மண்ணில் கிடந்த எலும்பை விலங்குகள் மிதித்தாலும் மணல் உரசிக் கோடு விழும், அது மேலோட்டமாகக் கண்டபடி ஓடும். ஆளை ஏமாற்றுவது இதுதான்: எத்தியோப்பியாவின் டிகிகாவில் 34 லட்சம் ஆண்டுப் பழைய எலும்பில் வெட்டுத்தடம் என்று 2010இல் அறிவித்தார்கள், மிதிபட்ட கோடுதான் என்று உடனே மறுப்பும் வந்தது.

சரி, வெட்டுத்தடம்தான் என்று தெரிந்தாலும் வேட்டை என்று சொல்லிவிட முடியாது. அது எலும்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிங்கம் முதலில் தின்றிருந்தால் தொடை எலும்பின் நடுத்தண்டில் அறுக்கும் அளவுக்குச் சதை மிஞ்சாது, நல்லிக்குள் இருக்கும் மஜ்ஜைதான் மிஞ்சும், அதைக் கல்லால் உடைத்த இடத்தில் சின்னக் குழியும் அதைச் சுற்றிக் கீறல்களும் இருக்கும். தான்சானியாவின் ஓல்டுவாயில் தொல்லியலாளர் மேரி லீக்கி 1959இல் ஆதி மனித உறவினம் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடத்தில், சுமார் 18 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகளில், சதைப்பற்றான எலும்புகளின் நடுத்தண்டிலேயே வெட்டுத்தடங்கள் உண்டு. ஆனால் அதே தண்டுகளில் பல்தடமும் நிறைய இருப்பதால் மனிதன் பின்னால்தான் வந்தான் என்றார் ஆய்வாளர் புளூமென்ஷைன். அவற்றில் பல பல்தடமே இல்லை, வேரும் பூஞ்சையும் அரித்தவை என்றார் இன்னொரு ஆய்வாளர் டொமிங்கஸ் ரோட்ரிகோ. எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது.

அப்புறம், முதலில் வந்தவன் கொன்றவன் என்று அர்த்தமில்லை, சிறுத்தையைக் கூச்சல் போட்டு விரட்டிவிட்டுச் சதையைப் பறித்தாலும் இதே தடம்தான் விழும். அதனால் பற்களின் தேய்மானத்தைப் பார்த்து விலங்கின் வயதைக் கணியுங்கள். குட்டியும் கிழடும் மட்டுமே கிடந்தால் வேட்டைதானா என்று சந்தேகப்படுங்கள், தானாகச் சாவதும் மற்ற மிருகங்களிடம் எளிதில் சிக்குவதும் பெரும்பாலும் அவைதான். ஓல்டுவாயின் அந்த இடத்தில் பெரிய மான் வகைகளில் நல்ல பருவத்தில் இருந்தவையே அதிகம்.