பேனா நண்பருக்குக் கடிதம்: முகவரி தேடுவதிலிருந்து மூன்றாவது கடிதம் வரை

வெளிநாட்டுப் பேனா நண்பர் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதல் கடிதத்தை எப்படியும் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது கடிதம் வரை போகிறவர்கள்தான் குறைவு. பதில் வந்துவிடும், மேசையில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று தள்ளிப்போடுவோம், நான்கு மாதம் ஓடிவிடும், அப்புறம் எழுதக் கூச்சமாக இருக்கும். நானே இப்படி இரண்டு பேரைத் தொலைத்திருக்கிறேன். அதனால் பேனா, காகிதத்தைவிட எதை எழுதுவது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. ஆளைத் தேடுங்கள்

ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைகளில் பேனா நண்பர் பகுதி வரும். சிற்றலை வானொலிக்குக் கடிதம் எழுதிய நேயர்கள் தங்களுக்குள்ளேயே நண்பர்களானார்கள். இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது போஸ்ட்கிராசிங் (Postcrossing), முன்பின் தெரியாதவர்கள் அஞ்சல் கார்டு அனுப்பிக்கொள்ள உதவும் இணையதளம். போர்ச்சுகலைச் சேர்ந்த ஒரு மாணவர் 2005 ஜூலையில் தொடங்கியது. பதிவு செய்தால் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு முகவரியும், கார்டுக்கான அடையாள எண்ணும் தருவார்கள். அந்த முகவரிக்கு ஒரு படக் கார்டு அனுப்ப வேண்டும். பெற்றவர் எண்ணைப் பதிந்ததும் உங்கள் முகவரி வேறொருவர் கைக்குப் போகும், அவரிடமிருந்து உங்களுக்குக் கார்டு வரும். புதியவர்கள் ஒரே நேரத்தில் ஐந்து கார்டு வரை அனுப்பலாம். எண்ணைக் கார்டில் இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்றின் மேல் முத்திரை விழுந்தாலும் மற்றது தப்பும்.

இது பேனா நட்பு ஆகாது. ஒரு கார்டோடு உறவு முடிந்துவிடும். ஆனால் நல்ல பயிற்சி. சில உறுப்பினர்கள் தங்கள் அறிமுகக் குறிப்பிலேயே நீண்ட கடிதம் எழுத விருப்பம் என்று போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் போதும். ஆர்வத்தில் பத்துப் பேரைப் பிடித்தால் பத்தும் போகும்.

2. உங்கள் முகவரி

வீட்டு முகவரி தரத் தயக்கமாக இருந்தால் அஞ்சல் நிலையத்தில் தபால் பெட்டி எண் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பிள்ளைகள் எழுதுவதானால் கடிதம் பெற்றோர் பெயருக்கே வரட்டும். இரண்டாவது கடிதத்திலேயே பண நெருக்கடி, ஆஸ்பத்திரிச் செலவு என்று ஆரம்பிக்கிறவருக்குப் பதில் எழுத வேண்டாம்.

3. காகிதமும் எடையும்

வெளிநாட்டுக் கடிதத்துக்கு முதல் கட்டணம் 20 கிராம் வரைக்கும்தான். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். மூன்று தாளும் ஒரு உறையும் வைத்தாலே எல்லைக்கு வந்துவிடும். தாளின் இரு பக்கமும் எழுதினால் ஆறு பக்கம் கிடைக்கிறதே, அது தாராளம். பேனா உங்கள் இஷ்டம், ஆனால் உறை மீது மட்டும் பால்பாயின்ட். ஒரு மழைக்காலத்தில் ஜெல் பேனாவில் முகவரி எழுதிய என் உறை ஒன்று நீலக் கறையாகத் திரும்பி வந்தது.

உள்ளே காகிதம் மட்டும் வையுங்கள். பூவிதை, மஞ்சள் தூள், நாணயம், ரூபாய் நோட்டு எதுவும் வேண்டாம். விதைக்குப் பயிர்த் தொற்றுத் தடை, பணத்துக்கு அஞ்சல் விதி. 

4. எழுதுங்கள்

“என் பெயர் இது, வயது இது, இசை பிடிக்கும், பயணம் பிடிக்கும்” என்று தொடங்கும் கடிதத்துக்கு என்னதான் பதில் எழுதுவது? எனக்கும் பிடிக்கும் என்று எழுதலாம். அதோடு கதை முடிந்தது. சுய அறிமுகத்தை நாலு வரியில் முடித்துவிட்டு, இந்த வாரம் உங்கள் தெருவில் நடந்த ஒன்றை எழுதுங்கள். விடிகாலையில் தண்ணீர் லாரி வந்தது, கீழ்வீட்டு அக்கா உங்கள் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைத்தார், பச்சைக் குடம் மாறிப்போய் இரண்டு வீட்டுக்கும் சண்டை. நமக்கு அலுத்துப்போன சமாச்சாரம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் உட்கார்ந்து படிப்பவருக்குப் பத்துக் கேள்வி எழும். அந்தக் கேள்விகள்தான் அடுத்த கடிதம்.

நான் அடிக்கடி செய்வது ஒன்று உண்டு. கடிதத்தின் ஓரத்தில் நடுவரிசையில் 5 புள்ளி, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 3 வரை, இடுக்குப்புள்ளி (முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேரே வைப்பது) வைத்து ஒரு சின்னக் கோலம் போடுவேன். பக்கத்திலேயே இன்னொரு தடவை அதே 19 புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு, “இதை நீங்கள் இழுத்து அனுப்புங்கள்” என்று எழுதுவேன். திரும்பி வருகிறவை எதுவும் கோலம் மாதிரி இருக்காது. ஒன்று நரி மாதிரி இருந்தது.

அவர் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். கிராம் கணக்கில் சேராத அன்பளிப்பு அது. ‘எஃப்’ ஒலியில் தொடங்கும் பெயராக அமைந்தால் ஆய்த எழுத்தின் கதையைச் சொல்ல அரைப்பக்கம் கிடைத்துவிடும்.

இரண்டு மூன்று கேள்விகளுக்கு மேல் கேட்காதீர்கள். “உங்கள் நாட்டுப் பண்பாடு என்ன?” என்பது பரீட்சைக் கேள்வி. “மழை நாளில் உங்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள்?” என்று கேட்டால் பாட்டி வரை வந்துவிடுவார்கள்.

ஆங்கிலம் சுமாராக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். எதிர்முனையில் இருப்பவருக்கும் பல நேரம் அது இரண்டாம் மொழிதான். கான்வென்ட் பாணிக் கூட்டெழுத்தை மட்டும் தவிர்த்து, எழுத்துகளைப் பிரித்து எழுதுங்கள். அப்புறம், தேதி போட மறக்காதீர்கள்.

5. உறை

பெறுநர் முகவரியை அவர் கொடுத்த வரிசையிலேயே எழுதுங்கள். ஜெர்மனியில் வீட்டு எண் தெருப் பெயருக்குப் பின்னால் வரும். அதை நம் வழக்கப்படி முன்னால் தூக்கிப் போடாதீர்கள். ஜப்பானிய முகவரியை அவர்கள் எழுத்திலேயே அச்செடுத்து ஒட்டலாம். கடைசி வரியில் நாட்டின் பெயர் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். நம் பக்கம் தபாலைப் பிரித்து அனுப்புகிறவர் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான், மற்றதை அந்த ஊர் தபால்காரர் பார்த்துக்கொள்வார். அனுப்புநர் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடும் ‘இந்தியா’ என்பதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

6. போஸ்ட் ஆபீஸ்

முதல் தடவை கவுன்டரில் எடை போட்டு, அன்றைய கட்டணத்தைக் கேட்டு ஸ்டாம்ப் வாங்குங்கள். சின்னக் கிளைகளில் வெளிநாட்டுக் கட்டணத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள், பொறுமை வேண்டும். பெரிய தலைமை அஞ்சல் நிலையங்களில் தபால்தலை சேகரிப்பாளர்களுக்கென்று தனிக் கவுன்டர் உண்டு. சென்னையில் அண்ணா சாலை அஞ்சல் நிலையத்தில் இருக்கிறது. சிறப்புத் தபால்தலைகளை அங்கே வாங்கி ஒட்டினால் வெளிநாட்டு நண்பர் கடிதத்தைவிட உறையைத்தான் முதலில் பத்திரப்படுத்துவார்.

இந்திய ஸ்டாம்ப் ஒட்டிய உறையைப் பின்லாந்துத் தபால்காரர் ஏன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால். இந்தியா 1876-இல் சேர்ந்தது. அக்டோபர் 9 உலக அஞ்சல் தினமானதும் அதனால்தான்.

7. காத்திருப்பு, பதில்

சாதாரணத் தபாலை வழியில் பின்தொடர முடியாது. ஐரோப்பாவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கடிதம் இரண்டு மாதமும் எடுக்கும். மூன்று மாதம் வரை ஒன்றும் கேட்காதீர்கள். அதன் பிறகு ஒரு கார்டு போடலாம், கோபம் இல்லாமல்.

பதில் வந்த அன்றே அதைப் படித்து, அவர் கேட்ட கேள்விகளைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். எழுத உட்காரும்போது பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஒவ்வொரு கேள்வியையும் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் எழுதுங்கள், கேட்டது அவருக்கே மறந்திருக்கும். உங்கள் கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். “ஆமாம், பச்சைக் குடத்தை யார் எடுத்தது?” என்று அவர் மூன்று மாதம் கழித்துக் கேட்பார். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது.