ஊர் வரலாற்று நூல் போடுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு வரலாற்று ஆர்வலர் குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தபால்காரர், சைக்கிள் கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். அவர்கள் போட்ட ஊர் வரலாற்று நூலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். அந்தப் பழக்கத்தில் அக்கம்பக்கத்து ஊர்க் குழுக்கள் போட்ட நூல்கள் ஏழெட்டையும் வாங்கிப் படித்தேன். ஊர்தான் வேறு, தவறுகள் எல்லாம் அண்ணன் தம்பிகள். அவற்றில் சிலதை நானே கவனிக்காமல் விட்டிருக்கிறேன், ஒன்றை நானே உண்டாக்கியும் இருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

முதல் சறுக்கல் ஊர்ப்பெயர் அத்தியாயம். பெயரைப் பார்த்தவுடன் பிரித்துப் பொருள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கை அரிப்பு எல்லோருக்கும் உண்டு. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம் என்றால் அலை, அலைகள் பாடும் ஊர் என்று சொன்னால் கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும்தான் சொல்கிறது. அலைக்கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பெயரே மொழிபெயர்ந்துபோன ஊர்களும் உண்டு. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது, மறைக்காடு வேதாரண்யம் ஆனது. இன்றைய பெயரை வைத்துக்கொண்டு பொருள் தேடுவதற்கு முன்னால் கல்வெட்டில், தேவாரத்தில், பழைய பத்திரத்தில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். தலபுராணம் சொல்லும் கதையை நீக்கச் சொல்லவில்லை. அதுவும் ஊரின் சொத்துதான். 'தலபுராணம் இப்படிச் சொல்கிறது' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் யாருக்கும் வம்பில்லை.

அடுத்தது கல்வெட்டு. இங்கேதான் நிறைய நூல்கள் கவிழ்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோயில் சுவரில் 'கோப்பரகேசரி வர்மர்க்கு யாண்டு 12' என்று இருந்தால் உடனே பராந்தக சோழன் என்று எழுதிவிடுகிறோம். பரகேசரி என்பது ஆளின் பெயரே இல்லை, பட்டம். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். விசயாலயன், முதலாம் பராந்தகன், உத்தம சோழன், முதலாம் இராசேந்திரன் எல்லோருமே பரகேசரிகள். பன்னிரண்டாம் ஆட்சியாண்டு என்பது முதலாம் பராந்தகனுக்கு 919, உத்தம சோழனுக்கு 980களின் தொடக்கம். இடையில் அறுபது வருடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது, உங்கள் கோயிலும் அவ்வளவு முன்னே பின்னே போய்விடும். 'மதிரை கொண்ட' (மதுரையை வென்ற) என்ற அடைமொழி இருந்தால் அது முதலாம் பராந்தகன். 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் புகழ் சொல்லும் தொடக்க வரிகள், ஆரம்பித்தால் முதலாம் இராசராசன், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரன். இப்படி எதுவும் இல்லையென்றால் எழுத்தமைதி, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வது, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், அதுவும் வாய்க்கவில்லையா, 'பரகேசரி ஒருவரின் 12ஆம் ஆட்சியாண்டு' என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். பாண்டியர் பக்கம் இன்னும் மோசம், மாறவர்மன் சுந்தர பாண்டியன் என்ற பெயரிலேயே 1216இல் ஒருவர், 1238இல் இன்னொருவர் பட்டத்துக்கு வந்திருக்கிறார்கள்.

கல்வெட்டுச் சொற்களும் இன்றைய சொற்கள் மாதிரியே இருந்து காலை வாரிவிடும். ஒரு நூலில் 'அக்காலத்திலேயே எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு நிலம் ஒதுக்கினார்கள்' என்று பெருமையாக எழுதியிருந்தது. கல்வெட்டில் இருந்தது பள்ளிச்சந்தம். அது சமணப் பள்ளிக்கோ பௌத்தப் பள்ளிக்கோ வரி நீக்கி விட்ட இறையிலி நிலம். ஊரில் ஒரு காலத்தில் சமணர் இருந்திருக்கலாம் என்ற பெரிய செய்தி கையில் கிடைத்தும் அதைப் பள்ளிக்கூடமாக்கி நழுவ விட்டுவிட்டார்கள். இன்னொரு நூல் 'சாவா மூவாப் பேராடு 96' என்பதை ஏதோ மந்திர ஆடு என்கிற மாதிரி விளக்கியது. கோயிலில் அணையாமல் எரியும் நொந்தா விளக்குக்கு நெய் அளக்க விடப்பட்ட மந்தை அது. செத்ததுக்கும் கிழடானதுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாது என்ற கணக்கில் அப்படிச் சொன்னார்கள், வங்கியில் போட்ட முதல் மாதிரி.

எழுத்துத் தெரியவில்லை என்று சுவரில் மைதா மாவு தடவுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது எல்லாம் தயவுசெய்து வேண்டாம். சாயங்காலச் சாய்வெயிலிலோ பக்கவாட்டில் டார்ச் அடித்தோ படம் எடுத்தாலே பாதி எழுத்து எழுந்து நிற்கும். உங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படியெடுக்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் 1887 முதலும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதலும் வந்துகொண்டிருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் மைப்படி எடுத்த கல் இன்றைக்குத் திருப்பணியில் தரைக்கல்லாகப் போயிருந்தாலும் அதன் வாசகம் அங்கே பத்திரமாக இருக்கும்.

சரி, என் தவறுக்கு வருகிறேன். பழைய தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் கல்லில் 'விரோதி வருஷம் தை மாதம்' என்று இருந்தது. விரோதி 1949இல் பிறந்தது, தை என்றால் 1950 சனவரி, குடியரசு ஆன மாதம், ஆகா என்று நானே குறிப்பு எழுதிச் சேர்த்தேன். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒரு முறை சுற்றி வரும் என்பது தெரிந்துதான் எழுதினேன், அதுதான் வெட்கம். அச்சுக்குப் போகிற வாரத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் கல்லின் அடியில் சுண்ணாம்பு மூடியிருந்த வரியைப் படித்துவிட்டு வந்தான், பசலி 1299. பசலி என்பது நிலவரிக் கணக்கின் ஆண்டு, அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். சூலை முதல் சூன் வரை ஒரு பசலி. ஆக 1889 சூலை முதல் 1890 சூன் வரை, தை மாதம் 1890. குடியரசுப் பந்தல் வெள்ளைக்காரன் காலத்துப் பந்தலாகிவிட்டது. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 825ஓ மாதத்தைப் பொறுத்து 824ஓ கூட்ட வேண்டும். சக ஆண்டுக்கு 78. கிழவர்கள் 'தாது வருஷப் பஞ்சத்தில் வந்த குடும்பம்' என்று சொன்னால் அது 1876இல் தொடங்கிய பஞ்சம், 1936இல் வந்த தாது அல்ல. மூல வாசகத்தை அப்படியே போட்டு, பக்கத்தில் உங்கள் கணக்கைப் போடுங்கள். நீங்கள் தப்பாகக் கூட்டியிருந்தாலும் படிக்கிறவர் திருத்திக்கொள்வார்.

ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டு 'எங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே இல்லை' என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எழும்பூர் வரை போனார்கள், ஆனால் இன்றைய மாவட்டப் பெயரில் தேடினார்கள். மயிலாடுதுறை மாவட்டமே 2020இல் வந்தது. அந்த ஊரின் பெயரும் 1982 வரை மாயவரம்தான். அங்குள்ள கிராமத்துக்குப் பழைய காகிதம் வேண்டுமென்றால் தஞ்சாவூர் மாவட்டம், மாயவரம் தாலுகா என்று கேட்க வேண்டும். திருப்பூர்க்காரர்கள் கோயம்புத்தூரில் தேட வேண்டும், தருமபுரிக்காரர்கள் 1965க்கு முந்தியதைச் சேலத்தில் தேட வேண்டும். மக்கள்தொகையை ஒப்பிடும்போதும் இதே சங்கடம்தான், 1871 கணக்கில் இருக்கிற ஊர் எல்லையும் இன்றைய பேரூராட்சி எல்லையும் ஒன்றல்ல.

காந்தி வந்தார் அத்தியாயம் இல்லாத ஊர் நூலை நான் இன்னும் பார்க்கவில்லை. 1896இலிருந்து 1946 வரை அவர் பலமுறை தமிழ்நாட்டுக்கு வந்தார், அதனால் வந்திருக்கவும் கூடும். ரயில் நின்றபோது சன்னல் வழியாகக் கும்பிட்டதும் வந்ததுதான், மேடை போட்டுப் பேசியதும் வந்ததுதான், இரண்டும் ஒன்றல்ல. அவருடைய எழுத்துத் தொகுப்பு நூறு தொகுதிகள் இருக்கின்றன, பயண நாட்களும் பேச்சுகளும் அதில் கிடைக்கும். ஒரு நாள் செலவழித்துப் பார்த்துவிட்டு எழுதலாம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இந்த நூல்களில் பெரும்பாலானவை ஊரின் நாலு தெருக்களின் வரலாறு. பேட்டி கொடுத்தவர்கள் பட்டியலைப் பாருங்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் கோயிலைச் சுற்றிய தெருக்கள். காலனியில் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். குளம் வெட்டியவர் யார் என்று பண்ணையார் பெயர் இருக்கும், மண் சுமந்தவர்கள் எந்தத் தெரு என்று இருக்காது. நன்கொடையாளர் குடும்பம் எப்படியோ ஊரை உண்டாக்கிய குடும்பமாகவும் ஆகிவிடும் (வாழ்த்துரைகள் இருபது பக்கம் போவதும் இதே வழியில்தான்). நாகை, தஞ்சைப் பக்கத்து ஊர்களின் 1960களை எழுதும்போது கூலிச் சண்டையையும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதையும் தாண்டிக் குதித்துவிட்டு, அந்த ஆண்டுகளின் நல்ல விளைச்சலைப் பற்றி மட்டும் எழுதினால் ஊரில் பாதிப் பேருக்கு அது அவர்கள் வரலாறாகத் தெரியாது. ஒரு யோசனை சொல்கிறேன், முதல் பேட்டியை ஊரின் கடைசித் தெருவில், வயதான ஒரு பெண்மணியிடம் தொடங்குங்கள். நடவுப் பாட்டு, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், மருத்துவச்சி எந்த வீடு என்று உங்கள் கேள்விகளே மாறிப்போகும். பேசியவர் பெயர், வயது, தேதி குறித்துக்கொள்ளுங்கள். பெயர் போடச் சம்மதமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் அவர் நாளைக்கும் அந்த ஊரில்தான் இருக்க வேண்டும்.

நூல் செய்கிற வேலையில் சின்னச் சின்னது சில. டிடிபி செய்பவர் பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தால் ஐந்து வருடம் கழித்து அந்தக் கோப்பை யாராலும் திறந்து தேட முடியாது, யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பெயரடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், கட்டாயம் போடுங்கள், வெளியூரில் இருக்கும் பேரன் முதலில் புரட்டப்போவது அதைத்தான். அடிக்குறிப்பு போட்டால் கனமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், எந்தப் பத்திரம், யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு வரி போதும். நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசமாகத்தான் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் வெளியான முப்பது நாளுக்குள் படி அனுப்ப வேண்டும். பலர் அனுப்புவதில்லை. ஐந்நூறு படி அடித்து, விழாவில் நூறு கொடுத்து, மீதி பரணில் கரையானுக்குப் போன நூலை எனக்குத் தெரியும்.

கடைசியாகப் புகைப்படங்கள். 'ஊர்ப் பெரியவர்கள்' என்று மட்டும் போட்டு ஒரு குழுப்படத்தை அச்சடிப்பது எல்லா நூலிலும் உண்டு, எங்கள் நூலிலும் உண்டு. இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஆண்டு, யார் வீட்டுப் படம் என்று அச்சுக்கு முன்பே ஊரில் சுற்றிக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. பிறகு நூலகத்தில் திருத்தம் எழுத என்று ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். அதில் முதலில் விழுந்த திருத்தம் அந்தப் படத்துக்குத்தான். 'பின்வரிசையில் குடை பிடித்து நிற்பவர் பெரியவர்களில் ஒருவர் இல்லை, குடை பிடிக்கக் கூப்பிட்டு வந்த என் அப்பா' என்று ஒரு அம்மா சொல்ல, நூலகர் எழுதி வைத்திருந்தார். அடுத்த பதிப்பில் அவர் பெயர் இருக்கும்.