வணிக விதிகளை அட்டவணையாக எழுதுவது எப்படி?

யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது போன்ற விதிகளை நிரலுக்குள் இஃப்-எல்ஸ் ("இப்படியானால் இது, இல்லையென்றால் அது") வரிகளாகப் புதைத்துவிட்டால், விதியை வகுத்தவரால் அதைப் படித்துச் சரிபார்க்க முடியாது. அட்டவணையாக இருந்தால் முடியும். இதற்கான பொதுத் தரம் டிஎம்என் (DMN, டெசிஷன் மாடல் அண்ட் நொட்டேஷன்). மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி (OMG) அமைப்பு 2015-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. இத்தகைய அட்டவணைகளை வரைய இலவசமாகக் கிடைக்கும் கேமுண்டா மாடலர் (Camunda Modeler) என்ற மென்பொருளில் ஒன்று செய்து பார்ப்போம்.

முதலில் விதியைத் தாளில் எழுதுங்கள்: "உறுப்பினர் 10 பொருளுக்கு மேல் வாங்கினால் 15 சதவீதத் தள்ளுபடி, குறைவாக வாங்கினால் 5. மற்றவர்களுக்குக் கிடையாது."

சரியாக 10 வாங்கினால்? "மேல்" என்ற சொல்லில் 10 சேருமா, சேராதா? நீங்களாக ஊகிக்காதீர்கள், விதியை வகுத்தவரிடமே கேளுங்கள். சேரும் என்றார் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து மாடலரில் புதிய டிஎம்என் கோப்பு ஒன்றைத் தொடங்கி, அதிலுள்ள முடிவுப் பெட்டியின் அட்டவணையைத் திறங்கள். உள்ளீட்டுப் பத்திகள் இரண்டு: உறுப்பினரா (பூலியன், அதாவது ஆம் அல்லது இல்லை; கோப்பில் true, false), எண்ணிக்கை (எண்). வெளியீட்டுப் பத்தி ஒன்று: தள்ளுபடி (எண்). வரிகளை இப்படி நிரப்புங்கள்:

ஆம் | >= 10 | 15
ஆம் | < 10 | 5
இல்லை | - | 0

கடைசி வரியிலுள்ள சிறு கோட்டுக்கு "எதுவானாலும் சரி" என்று பொருள்.

அட்டவணையின் மேலே ஹிட் பாலிசி (Hit policy, வரிகள் பொருந்தும் முறை) 'யூனிக்' (Unique) என்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான் பொருந்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இரண்டாம் வரியில் தவறுதலாக <= 10 என்று போட்டால், 10 வரும்போது இரண்டு வரிகளும் பொருந்தி, இயக்கும்போது பிழை வரும். உடனே பலர் பாலிசியை 'ஃபர்ஸ்ட்' (First, பொருந்தும் முதல் வரியை மட்டும் எடுப்பது) என்று மாற்றிவிடுகிறார்கள். பிழை மறைந்துவிடும், ஆனால் வரிகள் ஒன்றோடொன்று மோதுவது அப்படியேதான் இருக்கும். நாளை யாராவது வரிகளை இடம் மாற்றினால் விடையும் மாறும். தொடக்கத்தில் யூனிக்கை விட்டு நகராதீர்கள். அது காட்டும் பிழை உங்களுக்கு நல்லதுதான்.

சரி, சேமித்து, அட்டவணையை இயக்கும் மென்பொருளான எஞ்சினில் ஏற்றி, உறுப்பினருக்கு 9, 10, 11 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். 5, 15, 15 வர வேண்டும். 10-க்கு விடையே வராமல் வெறுமையாக இருந்தால், முதல் வரியில் > 10 என்று எழுதியிருப்பீர்கள். எந்த வரியும் பொருந்தாதபோது எஞ்சின் பிழை காட்டாது, அதனால் இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.